முதியோருக்குத் துணை: ஒரு வீடு தனியே சுமக்கும் பொறுப்பா?

பெங்களூரின் மல்லேஸ்வரம் ஒரு கொள்ளைநோயின் நிழலில் வளர்ந்த பகுதி. 1898-இல் நகரைப் பிளேக் தாக்கியபோது, பழைய பேட்டையின் நெருக்கத்தில் வாழ்ந்த மக்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகள் தேவைப்பட்டன. பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அந்தத் தேவையில்தான் நிரம்பின. நேர்கோடாக ஓடும் கிராஸ் என்ற குறுக்குத் தெருக்களையும் மெயின் என்ற நெடுந்தெருக்களையும், வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென்று விட்ட கன்சர்வன்சி சந்துகளையும் இன்றும் பார்க்கலாம். நோயைத் தடுப்பது தனி வீட்டால் ஆகிற காரியமல்ல, ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது என்று அன்று எடுத்த முடிவுக்கு அவை சாட்சி.

அதே தெருக்களுக்கு இன்று இன்னொரு பொதுக் கேள்வி வந்திருக்கிறது. சம்பிகே சாலையை ஒட்டியும் மார்கோசா சாலையை ஒட்டியும் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறைக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. பிள்ளைகள் கலிபோர்னியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களும் வேலைக்கு அருகில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுரா சாலை என்று குடிபோய்விட்டார்கள். பழைய வீட்டில் அம்மா தனியாகவோ, அப்பாவும் அம்மாவுமாகவோ இருக்கிறார்கள். ஒருநாள் குளியலறையில் கால் வழுக்குகிறது, அல்லது அடுப்பில் வைத்த பால் கருகும்வரை யாருக்கும் நினைவு வருவதில்லை. அன்றிரவு குடும்பம் போனில் கூடிப் பேசி, ‘யாரையாவது வீட்டோடு வைத்துவிடலாம்’ என்று முடிவெடுக்கிறது. மறுநாள் ஏஜென்சிக்குப் போன் போகிறது. அதற்கடுத்த நாள் முன்பின் தெரியாத ஒருவர் துணிப்பையோடு வாசலில் நிற்கிறார்.

வீட்டோடு ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. பல வீடுகளில் அதுதான் சரியான வழி. ஆனால் இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு குடும்பம் தனியாக, அவசரமாக, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ளும்படி நாம் விட்டிருப்பது தவறு. முதியவர், பிள்ளைகள், பராமரிக்க வருபவர், அவரை அனுப்பும் ஏஜென்சி, அக்கம்பக்கத்தார், அரசு என்று ஆறு தரப்புக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒரு தரப்பு விலகினாலும் சுமை முழுவதும் மற்றவர் தலையில் இறங்குகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் தலையாக இருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 14.9 கோடிப் பேர், மக்கள்தொகையில் 10.5 விழுக்காடு. 2050-இல் இது 34.7 கோடியாக, அதாவது 20.8 விழுக்காடாக உயரும் என்று அந்த அறிக்கை கணிக்கிறது. ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் நாட்டில், முதுமையைச் சில வீடுகளின் சொந்தக் கஷ்டமாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மறதி நோய் குறித்த கணக்கும் கலங்க வைக்கிறது. நாடு தழுவிய முதுமை ஆய்வின் தொடர்ச்சியாக நடந்த கணிப்பொன்று 2023-இல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்றும், எண்ணிக்கையில் அது 88 லட்சம் என்றும் அது கூறியது. இவர்களுக்கு வேண்டியது மருந்து மாத்திரை மட்டுமல்ல. கூடவே ஒரு ஆள், கூடவே ஒரு குரல் வேண்டும்.

இந்தப் பணியை இப்போது யார் செய்கிறார்கள்? 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியோரையும் நோயுற்றோரையும் கவனிக்கும் வேலையில் 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் ஈடுபட்டிருந்தனர். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர்தான். மருமகளும் மகளும் மனைவியும் சம்பளமில்லாமல் செய்துவந்த வேலை இது. அவர்களும் அலுவலகம் போகத் தொடங்கிய பிறகு, குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு பெண்ணிடம் கைமாறியிருக்கிறது. பங்கிட்டுக்கொள்ளாமல் கைமாற்றிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

பழியும் குற்ற உணர்வும்

‘பெற்ற தாயைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வைத்துவிட்டான்’ என்று பேசுகிற வாய்கள் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பழி சொல்பவர்கள் ஒரு இரவுகூட அந்த வீட்டில் கண்விழித்திருக்க மாட்டார்கள். பழிக்கு அஞ்சிய குடும்பங்கள் செய்வது இரண்டில் ஒன்று. மருமகள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு முடங்குகிறார். அல்லது ஆள் வைத்ததை மறைக்கிறார்கள். மறைக்கும்போது அக்கம்பக்கத்தாருக்கு அந்த ஆள் யாரென்று தெரிவதில்லை. முதியவருக்கு ஏதாவது நேர்ந்தால் கேட்க நாதியில்லாமல் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மறுபக்கமும் ஒரு தவறு நடக்கிறது. மாதம் பிறந்ததும் பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குளிப்பாட்டவும் உணவூட்டவும் கையைப் பிடித்து நடத்தவும் ஆள் கிடைக்கும். பேரனின் பரீட்சை மார்க்கை ஆசையோடு சொல்வதும், அறுபது வருடத்துக்கு முந்தைய கதையை மறுபடியும் பொறுமையாகக் கேட்பதும் ஏஜென்சி அனுப்பும் வேலை அல்ல. ஆள் வைத்த பிறகு பிள்ளைகளின் அழைப்பு குறைந்தால், அந்த ஏற்பாடு தோற்றதாகவே கொள்ள வேண்டும். உடம்பு அலுக்கும் வேலை குறைந்ததால் மிஞ்சும் நேரம் பேச்சுக்கும் பாசத்துக்கும் போக வேண்டும்.

பழி சொல்பவர்களும் பிள்ளைகளும் ஒரு விஷயத்தில் உடன்பட முடியும். பெரும்பாலான முதியோர் தம் சொந்த வீட்டில், தமக்குப் பழகிய தெருவில் கடைசிவரை இருக்க விரும்புகிறார்கள். எட்டாவது கிராஸில் காய்கறி வாங்கவும், சாங்கி ஏரியைச் சுற்றி நடக்கவும், காடு மல்லேஸ்வரர் கோயிலில் சற்று உட்கார்ந்து எழுந்து வரவும் முடிகிறவரை அவர்கள் அவர்களாகவே இருக்கிறார்கள். அந்த விருப்பத்தைக் காப்பாற்ற என்னென்ன வேண்டும் என்று கேட்டால், சண்டைக்கு இடமிருக்காது.

முதலில் கேட்க வேண்டியவர்

ஆள் வைப்பதற்கு முன் கேட்கப்பட வேண்டிய முதல் ஆள் அந்த முதியவர்தான். விந்தை என்னவென்றால், பல வீடுகளில் கடைசியாக அவருக்குத்தான் செய்தி போகிறது. ‘எனக்கு யாரும் வேண்டாம்’ என்று அவர் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கக் கூடாது. அந்த மறுப்புக்குள் நியாயமான அச்சங்கள் இருக்கின்றன. தன் குளியலறைக்குள் அந்நியர் வருவது பற்றிய கூச்சம், பீரோ சாவி பற்றிய கவலை, இனி தன் பேச்சு வீட்டில் எடுபடாது என்ற வேதனை. ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஏற்பாடு செய்யலாம். நகையையும் பத்திரங்களையும் வங்கி லாக்கருக்கு மாற்றலாம். முதலில் தினமும் இரண்டு மணி நேரம் வந்துபோகிறவராகத் தொடங்கி, பழகிய பிறகு நேரத்தைக் கூட்டலாம். வருகிற இரண்டு மூன்று பேரை நேரில் பார்த்து, யார் வேண்டும் என்று அவரே சொல்லட்டும். மறதி நோய் முற்றியவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் யார் அருகில் வந்தால் முகம் மலர்கிறது, யார் தொட்டால் உடம்பு சுருங்குகிறது என்பதைக் கவனித்தால் அவருடைய சம்மதமும் மறுப்பும் தெரிந்துவிடும்.

அடுத்தது, எதற்கு ஆள் வேண்டும் என்ற தெளிவு. நம் வீடுகளில் அட்டெண்டர், ஆயா, ஹோம் நர்ஸ் என்று பல பெயர்கள் புழங்கினாலும் வேலைகள் மூன்று வகை. முதலாவது துணை: பேச்சு, செய்தித்தாள் வாசிப்பு, கோயிலுக்கும் வங்கிக்கும் கூட்டிப் போவது, மாத்திரை வேளையை நினைவூட்டுவது. இரண்டாவது உடல் பராமரிப்பு: குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கையில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. மூன்றாவது செவிலியர் பணி: ஊசி, சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய், புண்ணுக்குக் கட்டு. மூன்றாவதைப் பயிற்சி பெற்ற செவிலியர்தான் செய்ய வேண்டும். துணைக்கு வந்தவரிடம் ஊசி போடச் சொல்வது முதியவரின் உயிரோடு விளையாடுவது. பராமரிக்க வந்தவரை வீட்டில் அனைவருக்கும் சமைக்கவும் துணி துவைக்கவும் சொல்வது, எதற்காக ஆள் வைத்தோமோ அதையே கெடுப்பது.

இந்தத் தெளிவுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று 1963 முதல் இருக்கிறது. குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போதல், எழுந்து இடம் மாறுதல், மலசலம் அடக்குதல், தானே உண்ணுதல் என்ற ஆறில் எதைத் தானாகச் செய்கிறார், எதற்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். அடுத்த வரிசையில் போன் பேசுவது, பணக் கணக்கு, மருந்து, கடைக்குப் போவது ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுமை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏற்பாடும் நிற்கக் கூடாது.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் தனியே யோசிக்க வேண்டிய ஒன்று மொழி. ஐம்பது வருடம் அண்டை வீட்டாரோடு கன்னடத்திலும் அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேசியவர்கள்கூட, மறதி நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழிகளை இழந்து தாய்மொழிக்கே திரும்புவது பலரிடம் காணப்படுகிறது. பராமரிக்க வருபவரோ ராய்ச்சூரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். ‘தண்ணி வேணும்’, ‘வலிக்குது’, ‘பாத்ரூம் போகணும்’, ‘பயமா இருக்கு’ என்று முதியவர் வழக்கமாகச் சொல்லும் முப்பது நாற்பது சொற்களை முதல் வாரத்திலேயே பிள்ளைகள் சொல்லிக்கொடுத்து, எழுதியும் கொடுக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடுவது செல்லம் கொடுப்பதாகாது; அது பாதுகாப்பு.

வருகிறவரும் மனிதர்

பராமரிப்பவரின் நிலையைப் பேசாமல் முதியவரின் பாதுகாப்பைப் பேச முடியாது. ‘24 மணி நேர ஆள்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். 24 மணி நேரம் வேலை செய்யும் மனிதர் எவரும் இல்லை. இரவில் நான்கு முறை எழுந்த ஒருவர் மறுநாள் பகலில் ஒருவரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போனால், இருவரும் சேர்ந்து விழுவார்கள். இரவில் அடிக்கடி எழ வேண்டிய வீட்டுக்குப் பகலுக்கொருவர் இரவுக்கொருவர் என்று இரண்டு பேர் வேண்டும். அதற்கு வசதியில்லாத குடும்பம், இரவுப் பொறுப்பை உறவினரிடையே முறைவைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். தூங்கத் தனி இடம், சூடான சாப்பாடு, வாரத்தில் ஒருநாள் விடுப்பு, சொந்த ஊருக்குப் போய்வர ஆண்டு விடுப்பு ஆகியவை கருணையால் தருபவை அல்ல, வேலையின் நிபந்தனைகள். சிங்கப்பூரில் வீட்டுப் பணியாளருக்கு மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் தந்தே ஆக வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் சட்டம். அங்கே அதைக் கடைப்பிடிக்கும் நம் பிள்ளைகள், மல்லேஸ்வரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்பவருக்கும் அதைச் செய்யலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். ஆள் கேட்கும்போதே சாதியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சமையலறையில் அசைவம் கூடாது என்று ஒரு வீடு சொல்வது அந்த வீட்டின் உணவு முறை. முன்கூட்டியே சொன்னால் வருகிறவர் ஏற்கவோ மறுக்கவோ முடியும். தனி டம்ளர், தனித் தட்டு, தரையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்வது தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்தது. சட்டம் அதைக் குற்றம் என்கிறது. தன் மலத்தைத் துடைக்கும் கை தொட்ட டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று ஒரு முதியவர் சொன்னால், அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள். அந்த வேலையைப் பராமரிப்பவரின் பொறுமைக்கு விட்டுவிடக் கூடாது.

முதியவர்களுக்கும் ஆபத்துகள் உண்டு. அடி, திட்டு, வேண்டுமென்றே பட்டினி போடுவது, பணம் எடுப்பது, தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது போன்ற குற்றங்கள் நடக்கின்றன. வெளியாளிடம் மட்டுமல்ல, சொந்தக் குடும்பத்தாரிடமும் நடக்கின்றன. ஆகவே சந்தேகத்தைக் காட்டிலும் ஒழுங்கு நல்லது. போலீஸ் சரிபார்ப்பை முதல் நாளுக்கு முன்பே முடிக்க வேண்டும்; கர்நாடகத்தில் அரசின் சேவா சிந்து தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளோடு நேரில் பேச வேண்டும். பராமரிப்பவர் கையில் ஏ.டி.எம் அட்டையும் ரகசிய எண்ணும் போகவே கூடாது. அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் ஒரு கணக்கு நோட்டும் போதும். இந்த விதி இருவரையும் காக்கிறது. பிற்பாடு ஏதாவது காணாமல் போனால் ஏழையின் மீது கண்மூடித்தனமாகப் பழி விழாமல் தடுப்பதும் இதுதான். கேமரா வைப்பதென்றால் முதியவருக்கும் பராமரிப்பவருக்கும் சொல்லி, சம்மதம் பெற்று, கூடத்தில் மட்டும் வைக்க வேண்டும். உடை மாற்றும் இடத்தில் வைப்பது இருவருக்கும் அவமானம்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. வேலை நேரம், செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை, விடுப்பு, ஏஜென்சிக்குப் போகும் பங்கு எவ்வளவு, பராமரிப்பவர் கைக்கு வருவது எவ்வளவு, அவர் வராத நாளில் யார் வருவார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கம் பராமரிப்பவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும்.

ஏஜென்சியும் சட்டமும்

முதியோர் பாதுகாப்பில் பெங்களூருக்கு ஒரு முன்னோடி வரலாறு உண்டு. 1998-இல் தொடங்கப்பட்ட நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், 2002-இல் பெங்களூரு நகரக் காவல்துறையோடு சேர்ந்து முதியோர் உதவி எண் 1090-ஐக் கொண்டுவந்தது. காவல்துறையும் தொண்டு நிறுவனமும் ஒரே மேசையில் உட்கார்ந்து முதியவரின் புகாரைக் கேட்கலாம் என்று காட்டியது அது. 2021-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் 14567 என்ற கட்டணமில்லா எண்ணைத் தொடங்கியது. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு முதியவரின் போனிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கென்று இன்றுவரை நாடு தழுவிய தனிச் சட்டம் கிடையாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கத் தீர்ப்பாயமும், மாதம் 10,000 ரூபாய் வரை உச்சவரம்பும் அதில் உண்டு. வீட்டில் வந்து பராமரிக்கும் சேவையைப் பற்றி அது பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்று அது சொன்னது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. நிறைவேறாமலே 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. முதியோர் எண்ணிக்கை கூடும் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதம் பொறுக்கத்தக்கதல்ல. அந்த மசோதாவை மறுபடி கொண்டுவரக் கட்சி பேதமின்றிக் கேட்க வேண்டும்.

பணியாளர் பக்கத்திலும் அதே கதை. வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004-இலேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்கான சட்டப் பாதுகாப்பை ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டுப் பணியாளரின் உரிமை குறித்து 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற உடன்படிக்கையை இந்தியா இன்னும் அங்கீகரிக்கவில்லை. பதிவும் பயிற்சியும் காப்பீடும் உள்ள பணியாளர் ஓர் ஊரில் நிலைத்து நிற்பார். அவை இல்லாதவர் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கும் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். மாதத்துக்கு ஒரு புது முகம் வந்தால், மறதி நோயுள்ள முதியவருக்கு ஒவ்வொரு மாதமும் புதிய கலக்கம்.

மத்திய அரசு 2024 அக்டோபரில், வருமானம் எதுவானாலும் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அது நல்ல நடவடிக்கை. ஆனால் அந்தப் பணம் மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிடுகிறது. வீட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒரு ரூபாய் கிடையாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அறுவைக்குப் பணம் உண்டு. ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதிலிருந்தே எல்லோரும் அதற்குப் பணம் செலுத்துகிறார்கள். முதுமையில் யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு, வீட்டுக்கே ஆள் வர ஏற்பாடு ஆகிறது. அதே அளவில் நம்மால் உடனே செய்ய முடியாது. திசை மட்டும் தெளிவாக இருக்கிறது: நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பையும் ஏழைக் குடும்பத்தின் கடனையும் மட்டும் நம்பி முதியோர் பராமரிப்பு நடக்கக் கூடாது. மல்லேஸ்வரத்தின் பெரிய வீட்டுக்குப் பணம் இருக்கலாம். பக்கத்து ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறையில் இருக்கும் பாட்டிக்கு ஏஜென்சிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அவருக்கும் அதே முதுமைதான்.

அக்கம்பக்கம் செய்யக்கூடியது

அரசுக்காகக் காத்திராமல் ஒரு பகுதி என்ன செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் சாட்சி. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு முயற்சி, பிற்பாடு மலப்புரத்தில் அக்கம்பக்க வலைப்பின்னலாகப் பரவியது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசி என்று சாதாரண மனிதர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தம் தெருவில் படுக்கையில் இருப்பவர்களை முறைவைத்துப் போய்ப் பார்த்தார்கள். செவிலியரும் மருத்துவரும் பின்னால் துணை நின்றார்கள். 2008-இல் கேரள அரசு அதை மாநிலக் கொள்கையாகவே ஏற்று, உள்ளாட்சிகளைப் பங்கெடுக்கச் செய்தது. மக்கள் முதலில் நடந்தார்கள், அரசு பின்னால் வந்தது.

மல்லேஸ்வரத்துக்கு இது அந்நியமான காரியமல்ல. 2011-இல் சாங்கி சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்ட வந்தபோது மக்கள் தெருவில் நின்றார்கள். 2023-இல் அதே சாலையில் மேம்பாலம் என்று திட்டம் வந்தபோது மறுபடியும் நின்றார்கள். அந்தக் கூட்டங்களில் நரைத்த தலைகள் நிறையவே இருந்தன. மரங்களுக்காக ஒன்று சேர முடிந்த தெருக்களால் அந்த மரங்களைக் காத்த முதியவர்களுக்காகவும் ஒன்று சேர முடியும். பழைய ஒட்டுக்குடித்தன வீடுகளில் பொது முற்றம் இருந்த காலத்தில், காலையில் கதவு திறக்கவில்லையென்றால் அடுத்த வீட்டார் வந்து தட்டுவார்கள். அடுக்குமாடிகளில் அந்த முற்றம் போய்விட்டது. அதன் வேலையை இனி நாம் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும்.

நாம் முன்வைக்கும் யோசனைகள் எளியவை. ஒவ்வொரு அடுக்குமாடி அசோசியேஷனும், ஒவ்வொரு கிராஸின் குடியிருப்போர் சங்கமும், தனியாக வாழும் முதியோரின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தினம் ஒருமுறை விசாரிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கலாம். பராமரிக்க வருகிறவர்களை வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதுவதோடு விடாமல், சங்கக் கூட்டத்தில் அறிமுகப்படுத்தலாம். அவர்களுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் லிஃப்டில் சமமான இடமும் உறுதி செய்யலாம். அவர்கள் விடுப்பில் போகும் நாட்களுக்கு நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு மாற்று ஆளை ஏற்பாடு செய்து, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கல்லூரி மாணவர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் முதியோருக்குப் பத்திரிகை வாசிக்கவும் போன் இயக்கக் கற்றுத்தரவும் முன்வரலாம். அதைக் கல்லூரிகள் சமூகப் பணியாகக் கணக்கில் எடுக்கலாம்.

மாநகராட்சியிடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை உண்டு. 2025 செப்டம்பரில் பெங்களூரின் நிர்வாகம் பெருநகர ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. நிர்வாகம் மக்களுக்கு அருகில் வரும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அப்படியானால் ஒவ்வொரு வார்டு குழுவின் கூட்டத்திலும் முதியோர் பராமரிப்பு ஒரு பொருளாக இருக்கட்டும். வார்டுக்கு ஒரு பகல்நேர மையம் இருந்தால், பராமரிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் சில மணி நேர ஓய்வு கிடைக்கும். மல்லேஸ்வரத்திலேயே இருக்கும் கே.சி. பொது மருத்துவமனையில், வீட்டில் பராமரிப்போருக்கான இலவசப் பயிற்சி மாதந்தோறும் நடக்கட்டும். நோயாளியை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது, புரை ஏறாமல் உணவூட்டுவது, படுக்கைப் புண்ணைத் தடுப்பது, பக்கவாதத்தின் முதல் அறிகுறியை அறிவது ஆகியவற்றைக் குடும்பத்தாரும் பணியாளரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கற்கட்டும். வயது முதிர்ந்தோரைப் பராமரிப்பதற்கென்று தேசியத் திறன் திட்டத்தில் படிப்புகள் இருக்கின்றன. படித்தவருக்குக் கூடுதல் கூலி உண்டென்றால்தான் இளைஞர்கள் சேருவார்கள். அதற்குக் கூலி கொடுக்கும் நாமும் தயாராக வேண்டும்.

ஏஜென்சிகளுக்கும் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சிச் சான்று, கூலிப் பங்கீடு, மாற்று ஆள் அனுப்பும் கால வரம்பு, புகார் செய்ய ஒரு பெயரும் எண்ணும் என்ற நான்கையும் எழுத்தில் தருகிற நிறுவனத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுத்தால், மற்றவை தாமாகவே வழிக்கு வரும்.

எல்லோருக்கும் ஒரு பங்கு

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும்: பணத்தோடு நேரத்தையும் அனுப்புங்கள். தினம் ஒரு அழைப்பில் அம்மாவோடு பேசியபின், அவரைப் பார்த்துக்கொள்பவரோடும் இரண்டு நிமிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். உள்ளூரில் இருக்கும் உடன்பிறப்பின் மேல் எல்லாவற்றையும் சுமத்தி, விடுமுறைக்கு வந்து குறை சொல்லாதீர்கள். செலவைப் பகிர்வது போலவே முடிவுகளையும் பகிருங்கள்.

முதியோருக்கு: உதவி கேட்பது தோல்வி அல்ல. உங்கள் விருப்பங்களை நினைவு தெளிவாக இருக்கும்போதே சொல்லி, எழுதியும் வையுங்கள். உங்களைப் பார்த்துக்கொள்ள வருபவர் உங்கள் பேரப்பிள்ளை வயதில் ஒருவராக இருக்கலாம். ஊரில் தன் குழந்தையை விட்டுவிட்டு வந்து உங்களை ‘அஜ்ஜி’ (பாட்டி) என்று கூப்பிடுகிறார். அவருடைய குழந்தை எப்படிப் படிக்கிறது என்று நீங்கள் கேட்டால் அந்த வீடு இருவருக்கும் வீடாகும்.

பராமரிப்பவர்களுக்கு: உங்கள் வேலை திறமை தேவைப்படும் வேலை, அதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். முதியவரின் உடம்பில் புதிய காயமோ நடையில் மாற்றமோ தெரிந்தால் அன்றே குடும்பத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கும்.

அக்கம்பக்கத்தாருக்கு: ‘ஆள் வைத்துவிட்டார்கள்’ என்ற பழியை விடுங்கள். அதற்குப் பதிலாக அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன வீட்டில் முதியவருக்குத் தீங்கு செய்யத் துணிகிறவரும் குறைவார்கள், பராமரிப்பவர் தனிமையில் சோர்ந்துபோவதும் குறையும்.

இந்த மாதம் நடக்கும் அசோசியேஷன் கூட்டத்தில் வாகன நிறுத்தத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் அடுத்தபடியாக இந்த விஷயத்தையும் பேச எடுத்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் தனியாக இருப்பவர்கள் யார், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் யார், இருவருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி முடிக்காமல் அந்தக் கூட்டம் கலையக் கூடாது. நமக்கும் எழுபது வயது வரப்போகிறது. அன்று நமக்கு வேண்டிய தெருவை இன்று நாம்தான் உண்டாக்க வேண்டும்.